புரவலரும் அனுசரணையாளரும்: இசை விருது, திரைப்பட விழா ஆகியவற்றின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

தேசிய அளவில் வழங்கப்படும் இசை விருதுகளும் நடத்தப்படும் திரைப்பட விழாக்களும் இன்று பெரும்பாலும் ஒரு வர்த்தக நிறுவனத்தின், ஒரு பத்திரிகையின் அல்லது அரசின் அனுசரணையுடனேயே நடைபெறுகின்றன. இவ்வனுசரணை பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பொருள்வளம் படைத்தோர் கலைக்குச் செய்யும் கொடை இது என்பர் ஒரு சாரார். தூய கலையைப் பணம் மாசுபடுத்துகின்றது என்பர் மறுசாரார். இவ்விரு கருத்துகளும் ஒழுக்கவியல் நோக்கில் எழுந்தவை. கொடுப்போரின் மனப்பான்மையை அளவுகோலாகக் கொள்வதால், அனுசரணை ஒரு சமூக உறவு என்பதனை இரண்டுமே காணத் தவறுகின்றன. கொடுப்போர் யார், எக்காலத்தில் எவ்வருவாயிலிருந்து கொடுத்தனர், கொடுத்ததற்கு ஈடாக எதனைப் பெற்றனர் என்பனவே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினாக்களாகும்.

மார்க்ஸ் ஒரு பாடகியை எடுத்துக்காட்டாகக் கொள்வார். பறவையைப்போலத் தன் விருப்பிற்குப் பாடும்போது அவள் மூலதனத்திற்கு எதனையும் உற்பத்தி செய்வதில்லை. தன் பாட்டைத் தானே விற்கும்போது அவள் கூலியாளாகவோ சிறு வணிகராகவோ ஆகின்றாள். ஒரு முதலாளி அவளை அமர்த்திப் பாடுவித்துப் பணம் திரட்டும்போதோ அவள் மூலதனத்தை உற்பத்தி செய்யும் தொழிலாளியாகின்றாள். பாட்டு ஒன்றே, உறவு வேறுபடுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த அனுசரணை என்பது இம்மூன்றிலும் முழுமையாக அடங்காத ஓர் உறவாகும். அனுசரணையாளர் நுழைவுச்சீட்டு விற்று இலாபம் ஈட்டுவதில்லை. பாட்டையோ படத்தையோ அவர் சொந்தமாக்கிக்கொள்வதும் இல்லை. கலையைத் தரங்கண்டு சொல்லும் அதிகாரத்தோடு தம் பெயரை இணைத்துக்கொள்ளும் உரிமையையே அவர் விலைகொடுத்துப் பெறுகின்றார். சென்னையின் இசையுலகையும், வெனிஸ் நகரில் தோன்றிய திரைப்பட விழாவையும், இலங்கையின் சரசவிய விழாவையும் சான்றாகக்கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பழந்தமிழ் இலக்கியம் புரவலர், இரவலர் என்ற இரு சொற்களை இணைத்தே வழங்கும். பாணரும் பொருநரும் விறலியரும் பரிசில் பெற்றனர். கொடுத்தவன் புகழ் பெற்றான். இப்பரிமாற்றத்தில் ஒளிவுமறைவு எதுவும் இருக்கவில்லை. பரிசில் பெற்ற ஒருவன் வறுமையுற்ற மற்றொருவனை அப்புரவலனிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை என்றொரு இலக்கிய வகையாக உருவெடுத்தது. கைலாசபதி போன்றோர் இப்பாடல்களை வீரயுகச் சமுதாயத்தின் வாய்மொழிக் கலையாக ஆராய்ந்தபோது, புகழ்ப்பாடல் என்பது தலைவனின் ஆட்சிக்கு வேண்டிய ஒரு சமூகத் தேவை என்பது தெளிவாயிற்று.

நிலமானிய அமைப்பு வேரூன்றியபின் கொடை கோயில்வழிச் சென்றது. தஞ்சைப் பெரியகோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டிருக்குப் பங்கு வழங்கப்பட்டமையை இராஜராஜனின் கல்வெட்டு தெரிவிக்கின்றது. இங்கே கலைஞரின் வாழ்வு நிலவருவாயோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தது. தஞ்சை மராத்தியர் அரசவை வரை இவ்வமைப்பு பல மாற்றங்களுடன் நிலைத்தது. 1855ஆம் ஆண்டில் கடைசி மன்னர் இறந்து, அரசு கிழக்கிந்தியக் கொம்பனியின் கைக்கு மாறியபின்னர், கலைஞர் புதிய ஆதரவை நாடிச் சமஸ்தானங்களுக்கும் ஜமீன்களுக்கும் சென்னைப் பட்டினத்துக்கும் செல்லவேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் அரசவை ஆதரவு போர்த்துக்கேயர் காலத்துடன் முடிவுற்றது. பின்னர் எழுந்த கோயில்களின் திருவிழாக்களில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தினரின் அல்லது தொழிற்குழுவினரின் உபயமாக அமைந்தது. மேளம், அலங்காரம் முதலியவற்றின் செலவை உபயகாரரே ஏற்றனர். யாருடைய திருவிழாவிற்குச் சிறந்த நாதஸ்வரக் குழு வந்தது என்ற போட்டி இங்கு நன்கறியப்பட்ட ஒன்று. தமிழகத்திலிருந்து புகழ்பெற்ற வித்துவான்கள் ஈழத்துக் கோயில்களுக்கு வந்து வாசித்தமைக்கும், தவில்மேதை தெட்சணாமூர்த்தி போன்றோர் இங்கிருந்தே உருவானமைக்கும் இவ்வுபயமுறை ஒரு பொருளாதார அடிப்படையாக விளங்கியது. அதேவேளை, கோயிலில் யார் உபயம் செய்யலாம், யார் செய்யலாகாது என்பதைச் சாதியமைப்பே தீர்மானித்தது. ஆறுமுகநாவலர் சின்னமேளத்தைக் கோயில்களிலிருந்து நீக்கவேண்டும் எனக் கண்டித்ததும், எக்கலைக்குச் செலவிடுதல் தகும் என்பது பற்றிய ஒரு போராட்டமேயாகும். ஆகவே தரங்காணும் அதிகாரம் அன்றும் பொருளோடு தொடர்புடையதாகவே இருந்தது. எனினும் அது தனியொரு நிறுவனமாகப் பிரிந்திருக்கவில்லை.

3

அவ்வதிகாரம் தனி நிறுவனமானது சபாக்களின் காலத்திலேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சென்னையில் தோன்றிய சபாக்கள், சந்தாவும் நுழைவுச்சீட்டும் கொண்டு இயங்கின. காலனித்துவ ஆட்சியில் உருவான வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் வர்த்தகருமே அவற்றின் உறுப்பினர். முன்னர் ஒரு தனிப் புரவலன் செய்ததை இப்பொழுது ஒரு வர்க்கம் கூட்டாகச் செய்தது.

1927ஆம் ஆண்டு டிசெம்பரில் சென்னையில் இந்தியத் தேசியக் காங்கிரஸ் கூடியபோது அதனுடன் ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடைபெற்றது. அம்மாநாட்டின் தீர்மானத்திற்கமைய எழுந்த மியூசிக் அகாடமி 1928ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் சர் சி. பி. இராமசுவாமி ஐயரால் தொடக்கிவைக்கப்பட்டது. இசைக்குத் தேசிய மதிப்புத் தேடிய இம்முயற்சி அரசியல் தேசியத்தின் மேடையிலேயே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. வழக்கறிஞரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் நெடுங்காலம் அதன் தலைவராக விளங்கினார். நீதிமன்றங்களும் அலுவலகங்களும் விடுமுறை பெறும் டிசெம்பர் மாதமே இசைவிழாவின் காலமாக நிலைபெற்றது. கோயில் திருவிழா நட்சத்திரத்தைப் பின்பற்ற, இசைவிழா உத்தியோகத்தரின் நாட்காட்டியைப் பின்பற்றியது.

ஆண்டுதோறும் மாநாட்டுக்குத் தலைமைதாங்க ஒரு வித்துவானை அழைக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு தலைமைதாங்குவோருக்குச் ‘சங்கீத கலாநிதி’ என்ற பட்டம் வழங்குவதென 1942இல் முடிவாயிற்று. ஒரு கூட்டத்தை நடத்தித்தரும் கடமை ஒரு பட்டமாக மாறியது. மன்னன் வழங்கிய பட்டம் மன்னனின் விருப்பத்தைக் காட்டியது. அகாடமியின் பட்டமோ இசையின் தரத்தையே காட்டுவதாகக் கொள்ளப்பட்டது. புதிய வர்க்கத்தின் சுவை, பொதுவான அளவுகோலாக மாறும் முறை இதுவேயாகும்.

இவ்வளவுகோலில் அகப்படாதவற்றைக் கொண்டே அதன் வர்க்க, சாதி இயல்பை அறியலாம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம்பிள்ளை இப்பட்டத்தைப் பெறாமலே 1956இல் மறைந்தார். அதேயாண்டிலேயே திருவீழிமிழலை சுப்பிரமணியபிள்ளை நாதஸ்வரக் கலைஞர் என்ற வகையில் அப்பட்டத்தைப் பெற்றார். பெண்பாடகர் ஒருவருக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1968இல், பெற்றவர் எம். எஸ். சுப்புலட்சுமி. ஆடற்கலைஞரான டி. பாலசரஸ்வதிக்கு 1973இல் வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இசையையும் ஆடலையும் காத்துவந்த சமூகத்தினரே தம் கலைக்கான சான்றிதழுக்குக் காத்துநிற்க நேர்ந்தது. இதனைத் தனிமனிதரின் காழ்ப்பாக மட்டும் விளக்குதல் போதாது. கோயிற்கலையாகவும் வீதிக்கலையாகவும் இருந்ததைக் கச்சேரி மண்டபத்துக்குரியதாக மாற்றிய வர்க்கம், அம்மண்டபத்துக்கு ஏற்ற கருவியையும் கலைஞரையுமே முதன்மைப்படுத்திற்று.

அகாடமியின் மண்டபத்தின் வரலாறே இதற்கு நல்லதொரு சான்று. 1955இல் பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1962இல் மைசூர் மகாராஜா அதனைத் திறந்துவைத்தார். பின்னர் அது, தொழிலதிபரும் இந்திய நிதியமைச்சராக இருந்தவருமான டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயரைத் தாங்கிற்று. பழைய அரசவையும் புதிய அரசும் தொழில் மூலதனமும் ஒரே கட்டடத்தில் கைகோத்தன.

4

இவ்வதிகாரத்துக்கு எதிராக எழுந்த வலிமையான குரல் தமிழிசை இயக்கமாகும். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கையை அகாடமி சார்ந்தோர் இசைக்கு மொழி தடையாகலாகாது என்று கூறி எதிர்த்தனர். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடைபெற்றது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. இரண்டிற்கும் பின்னால் நின்றவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்.

இங்கு நாம் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கின்றோம். தமிழிசை இயக்கத்தின் கோரிக்கை ஜனநாயகத் தன்மையுடையது; கேட்போருக்குப் புரியும் மொழியில் பாடவேண்டும் என்பதைவிட எளிய நியாயம் வேறில்லை. ஆயின் அதற்குப் பொருள்வலிமை தந்தது நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் வட்டி மூலதனம். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் நெல்வயல்களிலும் தோட்டங்களிலும் உழைத்தோரின் உழைப்பிலிருந்து திரண்ட செல்வமே சிதம்பரத்தில் பல்கலைக்கழகமாகவும் சென்னையில் இசைச் சங்கமாகவும் மாறியது. கொழும்புச் செட்டியார்தெருவின் கணக்கேடுகளும் தமிழிசையின் வரலாற்றுக்குரிய மூலங்களே எனின் அது மிகையாகாது.

இதனால் தமிழிசை இயக்கம் மதிப்பிழந்துவிடாது. ஒரு மூலதனப் பிரிவு ஏற்கெனவே நிலைபெற்ற மற்றொரு பிரிவின் பண்பாட்டுத் தலைமையை எதிர்க்கும்போது, மக்களின் நியாயமான கோரிக்கையைத் தன் துணையாகக் கொள்வது வரலாற்றில் பலகாலும் காணப்படுவது. அவ்வேளையில் மக்களுக்கு ஓர் உண்மையான நன்மையும் விளைகின்றது. ஆனால் நன்மையின் எல்லையையும் அம்மூலதனமே வகுக்கின்றது. தமிழ் இசைச் சங்கமும் தனக்கென மாநாடும் மண்டபமும் பட்டமும் அமைத்துக்கொண்டது. பாடலின் மொழி மாறிற்று. தரங்காணும் நிறுவனத்தின் வடிவம் மாறவில்லை. இதற்கு முன்னரே, மருந்து விற்றுப் பெற்ற தம் சொந்த வருவாயைக் கொண்டு தஞ்சையில் இசை மாநாடுகளை நடத்தி, 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரின் முயற்சி, நீண்டகாலம் போதிய கவனம் பெறாதிருந்தமையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவருக்குப் பின்னால் ஒரு வர்க்கம் அணிதிரண்டு நிற்கவில்லை.

5

இசைக்குச் சபா எத்தகையதோ, திரைப்படத்துக்கு விழா அத்தகையது. திரைப்படம் தொடக்கம் முதலே பெருமுதலீட்டுக் கலையாதலால், அதன் விழாவில் அனுசரணையின் இயல்பு இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது. உலகின் முதலாவது பெரும் திரைப்பட விழா 1932ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி வெனிஸின் லிடோத் தீவில், எக்செல்சியர் ஹொட்டேலின் திறந்த மாடத்தில் தொடங்கியது. அதனை நடத்திய பியனாலே நிறுவனத்தின் தலைவர் யுசெப்பே வோல்பி பிரபு. இவர் மின்சாரக் கொம்பனியொன்றையும் ஆடம்பர ஹொட்டேல் குழுமமொன்றையும் நிறுவியவர். மார்கேரா தொழிற்றுறைமுகத்தை உருவாக்கியவர். திரிப்போலித்தானியாவின் காலனித்துவ ஆளுநராகவும், 1925 முதல் 1928 வரை முசோலினியின் நிதியமைச்சராகவும் விளங்கியவர். உலகப் பொருளாதார மந்தத்தினால் உல்லாசப் பயணிகள் குறைந்திருந்த காலம் அது. விழா நடைபெற்ற இடத்தையும் மாதத்தையும் தீர்மானித்ததில் ஹொட்டேல் தொழிலின் தேவைக்குப் பெரும்பங்கு உண்டு.

முதல் விழாவில் நடுவர் குழுவோ போட்டியோ இருக்கவில்லை. பார்வையாளரின் வாக்கே கேட்கப்பட்டது. அவ்வாக்கெடுப்பில் சிறந்த நெறியாளராகத் தெரிவானவர் சோவியத் நாட்டின் நிக்கொலாய் எக்! பாசிச அரசின் நிழலில், செல்வர்களின் ஹொட்டேலில் அமர்ந்திருந்த பார்வையாளரே, அநாதைச் சிறுவர் உழைப்பினால் புதுவாழ்வு பெறுவதைக் காட்டிய படத்தின் நெறியாளரைப் பாராட்டினர். இரண்டாண்டு கழித்து 1934இல் விழா போட்டியாக மாற்றப்பட்டு, ‘முசோலினி கிண்ணம்’ ஏற்படுத்தப்பட்டது. தரங்காணும் அதிகாரம் பார்வையாளரிடமிருந்து அனுசரணையாளரின் கைக்கு மாறிய தருணம் இது.

1938இல் அக்கிண்ணம் லெனி ரீபன்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’வுக்கும், முசோலினியின் மகன் மேற்பார்வை செய்த இத்தாலியப் படமொன்றுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிரிட்டிஷ், அமெரிக்க நடுவர்கள் வெளியேறினர். இதன் விளைவாகவே பிரான்ஸ் தனக்கென ஒரு விழாவைத் திட்டமிட்டது. அது கான் நகரில் 1939 செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கவிருந்தது. அன்றே போர் மூண்டமையால் 1946இலேயே உண்மையில் நடைபெற்றது. பாசிசத்துக்கு எதிரான சுதந்திர விழா என்ற அரசியல் நோக்கம் மெய்யானதே. ஆயினும் அதுவும் மற்றொரு கடற்கரை உல்லாச நகரையே இடமாகத் தெரிந்துகொண்டது.

போருக்குப்பின் முசோலினியின் பெயர் கிண்ணத்திலிருந்து நீங்கியது. வோல்பியின் பெயரோ நீங்கவில்லை. வெனிஸில் சிறந்த நடிப்புக்கான பரிசு இன்றும் ‘வோல்பி கிண்ணம்’ என்றே வழங்குகின்றது. அரசுகள் வீழ்ந்தாலும் மூலதனத்தின் பெயர் பரிசில் நிலைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1968 மேயில் பிரெஞ்சு மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தபோது நெறியாளர் சிலர் கான் விழாவை இடைநிறுத்தினர். அவ்வாண்டு பரிசு வழங்கப்படவில்லை. வெனிஸிலும் 1969 முதல் 1979 வரை தங்கச் சிங்க விருது வழங்கப்படவில்லை. விழா தொடரலாம், தரவரிசை வேண்டாம் என்ற கோரிக்கை, பிரச்சினையின் மையத்தைத் தொட்டது. ஆயின் 1980இல் போட்டி மீண்டது. விருதின்றி விழாவின் செலவைத் தாங்கும் மாற்றுப் பொருளாதாரம் எதுவும் உருவாகாமையே அதற்குக் காரணம் எனலாம்.

6

இலங்கையில் இவ்வரலாறு சுருங்கிய காலத்தில் மீள நிகழ்ந்தது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் சிங்களக் கலை வாரஇதழான ‘சரசவிய’ 1964இல் தனது முதலாவது திரைப்பட விழாவை நடத்தியது. சிறந்த படமாகத் தெரிவானது லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய அப்படம், கிராமத்து நிலவுடைமைக் குடும்பமொன்று சிதைவதையும் நகர்ப்புற வணிக வர்க்கம் எழுவதையும் சித்திரிப்பது. எழுச்சிபெற்ற அவ்வர்க்கத்தின் பத்திரிகை மூலதனம் தன் பிறப்பின் கதைக்கே முதற்பரிசை அளித்தது. ஆயினும் பரிசு தகுதியற்றதன்று. தென்னிந்திய ஸ்ரூடியோப் பாணியைத் துறந்த அப்படம் 1965இல் டில்லி விழாவில் தங்கமயில் விருதையும் பெற்றது. அனுசரணையாளரின் நலனும் கலையின் வளர்ச்சியும் ஒரு காலகட்டத்தில் ஒருங்கே செல்லக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

1973இல் லேக் ஹவுஸ் சட்டமூலம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. பின்னரும் விழா அதே பெயரில் நடத்தப்பட்டது. அனுசரணையாளர் மட்டும் தனியார் மூலதனத்திலிருந்து அரசாக மாறினார். ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தின் நிலையோ வேறு. ‘பொன்மணி’ 1977இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978இலும் வெளிவந்தன. ஆயின் இத்தகைய முயற்சிகளை ஆண்டுதோறும் எடைபோட்டு ஊக்குவிக்கும் விழாவொன்றைத் தமிழ்ப் பத்திரிகைகளோ படமாளிகை உரிமையாளரோ சரசவியவுக்கு ஈடாக நிலைநிறுத்தவில்லை. தென்னிந்தியப் படங்களை இறக்குமதி செய்து இலாபம் கண்ட மூலதனத்துக்கு உள்நாட்டுத் தமிழ்ப்படம் ஒரு தேவையாக இருக்கவில்லை என்பதே இதற்கான முதற்காரணம் எனக் கருத இடமுண்டு.

7

அண்மைக்காலச் சம்பவமொன்று இவ்வுறவின் உட்கட்டமைப்பை அம்பலப்படுத்தியுள்ளது. சங்கீத கலாநிதிப் பட்டம் பெறுவோருக்கு எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஒரு இலட்சம் ரூபாய்ப் பரிசு வழங்கும் முறையை ‘இந்து’ பத்திரிகைக் குழுமம் 2005இல் ஏற்படுத்தியது. கர்நாடக இசையுலகின் சாதியமைப்பை விமர்சித்துவந்த டி. எம். கிருஷ்ணா 2024ஆம் ஆண்டின் பட்டத்துக்குத் தெரிவானபோது, வித்துவான்கள் சிலர் அவ்வாண்டு விழாவில் பங்குபற்ற மறுத்தனர். சுப்புலட்சுமியின் குடும்பத்தினர் ஒருவர், தம் பெயரில் நினைவுச்சின்னம் எதுவும் வேண்டாம் என்று அவர் எழுதிய இறுதிவிருப்பாவணத்தை முன்வைத்து வழக்குத் தொடர்ந்தார். நவெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பெயரில் பரிசு வழங்கத் தடைவிதித்தது. மேன்முறையீட்டில் அத்தடை நீங்கிப் பரிசு வழங்கப்பட்டபின், கிருஷ்ணா தம்மை அப்பெயருடைய பரிசைப் பெற்றவராகக் காட்டிக்கொள்ளலாகாது என உச்ச நீதிமன்றம் டிசெம்பரில் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

வழக்கில் பட்டம் கேள்விக்குள்ளாகவில்லை, பணமும் கேள்விக்குள்ளாகவில்லை. வழக்காடப்பட்டது பெயர். பட்டம் அகாடமிக்குரியது, பணம் பத்திரிகைக்குரியது, பெயர் இறந்த கலைஞருக்குரியது என்று மூன்றாகப் பிரிந்திருந்தவை அனுசரணையினால் ஒன்றாகத் தோற்றமளித்தன. தேவதாசி மரபில் வந்த ஒரு பெண், பட்டத்துக்கு இருபத்தாறு ஆண்டு காத்திருந்த பெண்ணினத்தின் முதல்வர், இறந்தபின் அப்பட்டத்துக்கே மதிப்பூட்டும் மூலதனமாக மாறியமையும் இங்கே கவனிக்கற்பாலது.

இதுகாறும் கூறியவற்றால், அனுசரணையை ஒழித்துவிடுதல் என்ற கோரிக்கை இன்றைய சமூக அமைப்பில் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது புலனாகும். கலைக்குச் செலவு உண்டு. அச்செலவை யாரோ ஏற்கவேண்டும். ஆனால் பணம் தருவோரையும் தரங்காண்போரையும் பிரித்துவைக்குமாறு கோருவது இன்றே இயலும். நடுவர் தெரிவில் கலைஞரின் அமைப்புகளுக்கு இடமளித்தல், தெரிவுக்கான அளவுகோல்களை முன்கூட்டியே வெளியிடுதல், நாதஸ்வரம், தவில், கூத்து முதலிய கலைகளைத் தனிப்பரிசு என்ற ஓரத்தில் ஒதுக்காது பொதுத்தரத்தில் சேர்த்தல் ஆகியவை அதன் முதற்படிகளாம்.

ஆய்வாளருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கலையின் வரலாற்றை வித்துவான்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதிவந்துள்ளோம். நம் கோயில்களின் உபயப் பட்டியல்களும், திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும், மேளகாரருக்குப் பேசிய கூலி குறித்த கணக்குக் கொப்பிகளும், படமாளிகைகளின் பதிவேடுகளும் இன்னும் தொகுக்கப்படவில்லை. போரினாலும் இடப்பெயர்வினாலும் அவற்றுட் பல அழிந்துவிட்டன. எஞ்சியவை முதியோரின் பெட்டகங்களிலும் நினைவுகளிலும் உள்ளன. அவற்றைத் திரட்டும் பணியைத் தத்தம் ஊர்களிலிருந்தே நமது மாணவர் தொடங்கலாம்.